"பார்த்தேன்" என்று எழுதியவள்

கையில் ஸ்பேனர் இருக்கும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மார்வா வாசெக் பதில் சொல்ல மாட்டாள். முறுக்கிக்கொண்டிருந்த நட்டை முழுதாகக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் திரும்புவாள். "என்ன?" என்பாள். வந்தவர் காபி வேண்டுமா என்று கேட்க வந்திருப்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே நட்டை முதல் சுற்றிலிருந்து மறுபடி ஏற்றுவாள். விஷயம் தெரிந்தவர்கள் அவளுடைய விமானக் கொட்டகையின் வாசலில் தொப்பியை விரலில் சுழற்றிக்கொண்டு, அவள் தலை நிமிரும்வரை நிற்பார்கள். தெரியாதவர்களுக்காக ஒரு அட்டை தொங்குகிறது: ஸ்பேனர் கீழே இருந்தால் பேசலாம்.

மார்வாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாரத்தில் நான்கு நாள் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறாள். இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே நாற்காலி. நெப்ராஸ்காவின் இந்தத் தெற்கு மூலையில் அவள் முன்னால் வாயைப் பிளந்து படுக்காதவர்கள் குறைவு. "தினமும் பல்லிடுக்குல நூல் விட்டு சுத்தம் பண்றீங்களா?" என்று கேட்பாள். "பண்றேனே" என்பார்கள். அவள் கொக்கியால் ஈறை லேசாகத் தொடுவாள். ரத்தம் வரும். "வாய் பொய் சொல்லும், ஈறு சொல்லாது" என்பாள், கோபமே இல்லாமல். சனிக்கிழமை காலைகளில் புல் ஓடுதளத்தின் ஓரத்தில் விமானக்காரர்கள் கூடிக் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி தின்பது வழக்கம். அவள் கார் திரும்பும் சத்தம் கேட்டால், ஆளுக்கு ஒரு மடக்குக் காபியை வாயில் விட்டு அவசரமாகக் கொப்பளிப்பார்கள்.

மருத்துவமனையில் தேய்ந்துபோன கருவிகளை அவள் குப்பையில் போட விடுவதில்லை. நீண்ட காம்பில் பொருத்திய வட்டக் கண்ணாடி, வளைந்த கொக்கி, நெற்றியில் கட்டும் விளக்கு எல்லாம் கொட்டகைக்கு வந்துவிடும். என்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடங்களுக்குள் அந்தக் கண்ணாடியை விட்டு, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். பழக்க தோஷத்தில் சில சமயம் என்ஜினிடம், "இன்னும் கொஞ்சம் திறங்க" என்று சொல்லிவிடுவாள்.

விமானத்தைக் கட்டியவள் அவளேதான். பெட்டி பெட்டியாக வந்த அலுமினியத் தகடுகளை வீட்டுக் கார் கொட்டகையில் வைத்து ஒன்பது வருடம் ரிவெட் அடித்துச் சேர்த்தாள். அந்த ஒன்பது குளிர்காலமும் அவள் கணவன் லெஸ்டரின் வண்டி வெளியே பனியில் நின்றது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, தாழ்ந்த இறக்கை, வெள்ளை வண்ணம். தானே கட்டியதால், வருடத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமமும் அவளிடமே இருக்கிறது.

பறப்பதற்கு முன்னால் அவள் விமானத்தை இரண்டு முறை சுற்றி வருவாள். முதல் சுற்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு மட்டும். இரண்டாவது சுற்று தொடுவதற்கு. பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்ப்பாள். விமானப் பெட்ரோலுக்கு உரிய நீல நிறம் சரியாக இருக்கிறதா, அடியில் தண்ணீர் மணிகள் உருள்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. வேகம் அளக்கும் காற்றுக் குழாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பாள். ஓடுதளத்தின் முனையில் நின்று, பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும், உரக்கச் சொல்வாள்: "பாதி தூரத்துக்குள்ள வேகம் வரலைன்னா நிறுத்திடுவேன். எழும்பின பிறகு என்ஜின் நின்னா, எழுநூறு அடிக்குக் கீழே ஓடுதளத்துக்குத் திரும்பி வரப் பாக்க மாட்டேன். நேரே சோளக்காட்டுல இறக்கிடுவேன்."

ஒருநாள் இதைக் கேட்டுவிட்ட கோர்டி பெட்ஸ்கா விடவில்லை. நாற்பது வருடம் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டிய எழுபத்தாறு வயதுக் கிழவர் அவர். இப்போது ஒரு பழைய துணி இறக்கை விமானமும் ஓயாத வாயும் வைத்திருக்கிறார்.

"சோளக்காட்டுக்காரன்கிட்ட அனுமதி வாங்கிட்டியா மார்வா?"

"வாங்கிட்டேனே. போன மாசம் பல் காட்ட வந்தான். வாய்க்குள்ள என் ரெண்டு கையும் இருக்கும்போது கேட்டேன். மாட்டேன்னு சொல்லல."

அவளிடம் எடுபடாத ஒரு சொல் உண்டு. டயரில் காற்று கொஞ்சம் குறைவு, பரவாயில்லை; பக்கவாட்டுக் காற்று கொஞ்சம் அதிகம், பரவாயில்லை என்று யாராவது சொன்னால், சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்து நீட்டுவாள். "பரவாயில்லைங்கறது இதுல எந்தக் கோட்டுல இருக்கு? காட்டு."

லெஸ்டர் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறான். ஆறடி இரண்டங்குல ஆள். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏற மாட்டான். மனைவி கட்டிய விமானத்தில் மூன்று வருடம் அவன் ஏறவில்லை. போன ஆகஸ்டில் அவர்களுக்கு முப்பதாவது கல்யாண நாள். அன்று காலை அவன் தானாகவே கொட்டகைக்கு வந்து இறக்கையருகே நின்றான்.

"ஒவ்வொரு நட்டையும் நீயே பாத்தியா?"

"நானேதான் பாத்தேன்."

"எல்லாத்தையும்?"

"எழுதியே வெச்சிருக்கேன் லெஸ்டர். படிச்சுக் காட்டவா?"

"வேண்டாம். நீ சொன்னா போதும்."

நாற்பது நிமிடம் பறந்தார்கள். முதல் பத்து நிமிடம் அவன் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஆறு தெரிந்தது, தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் தெரிந்தது, கடைசியில் அவர்கள் வீடே தெரிந்தது. "ஏய், நம்ம கூரையில வடக்குப் பக்கம் ஒரு ஓடு பேந்து கிடக்கு" என்றான். அதுதான் அவன் வானத்தைப் பற்றிச் சொன்ன ஒரே சொல். இறங்கிய பிறகு, சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு கிடைத்தவன்போல் ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்தான்.

இந்த வருடம் மார்ச்சில் வருடாந்தரச் சோதனை வந்தது. கொட்டகைக்குள் மூச்சு புகையாக வரும் குளிர். வாலின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் உள்ளே, கட்டுப்பாட்டுத் தண்டு வாலின் மடலோடு சேரும் இடம் தெரியும். விமானத்தின் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அந்த ஒரு மூட்டுதான். வழக்கம்போல் குனிந்து விளக்கடித்தாள். போல்ட்டின் நட்டில் ஆரஞ்சு வண்ணப் பூச்சு தெரிந்தது. முறுக்கி முடித்த நட்டுக்கு அடையாளமாக அவள் வைக்கும் பூச்சு. பட்டியலில் அந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, திரும்பப் பொருத்த மூடியை எடுக்கும்போது, குளிரில் விறைத்த விரலிலிருந்து ஒரு திருகாணி நழுவி வாலுக்குள் விழுந்தது.

அதைத் தேடத்தான் வட்டக் கண்ணாடியை உள்ளே விட்டாள். திருகாணிக்குப் பதிலாகக் கண்ணாடியில் நட்டின் மறுபக்கம் தெரிந்தது. அந்தப் பக்கத்தை அவள் விமானம் கட்டிய நாளுக்குப் பிறகு பார்த்ததே இல்லை. போல்ட்டின் முனையில் ஒரு சின்னத் துளை இருந்தது. துளையின் வழியாக மறுபக்கத்து வெளிச்சம் வந்தது.

அந்தத் துளையில் வெளிச்சம் வரக் கூடாது. நட்டு கழலாமல் இருக்க அதில் காட்டர் பின் என்ற இரட்டைக் கால் கம்பியைச் செருகி, அதன் இரு காலையும் மடக்கிவிட வேண்டும். அந்தப் பின்னே அங்கே இல்லை. விரலை விட்டுத் தொட்டாள். நட்டு ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தாள். கை எட்டும் தூரத்தில் சின்ன இழுப்பறை. அதில் அளவு அளவாகக் காட்டர் பின்கள். போட்டு மடக்க இரண்டு நிமிடம் ஆகும். கொட்டகையில் வேறு யாருமில்லை. பின்னைப் போடாமல், பதிவேட்டை எடுத்து முதல் வருடத்துப் பக்கத்தைத் திருப்பினாள். "வால் கட்டுப்பாட்டு இணைப்புகள்: பார்த்தேன். மா. வா." இரண்டாம் வருடம்: பார்த்தேன். மூன்றாம் வருடம்: பார்த்தேன். மூன்றிலும் ஒரே மாதிரி நேரான கையெழுத்து. ஈறில் ரத்தம் வரும்போது "பண்றேனே" என்று சொன்னவர்களின் முகமெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

விமானம் கட்டியபோது எழுதிய நாட்குறிப்பு வீட்டில் இருந்தது. போய்த் தேடி எடுத்தாள். ஜனவரி மாதத்து ஒரு மதியம். வாலில் ஏழு நட்டுகள். அந்தக் காலத்தில் முதலில் எல்லாவற்றையும் முறுக்கி, ஆரஞ்சுப் பூச்சு வைத்துவிட்டு, பிறகு வரிசையாகப் பின் செருகுவாள். ஆறு பின் செருகியாகிவிட்டது. ஏழாவதற்கு முன் போன் வந்தது. லெஸ்டரின் லாரி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி நிற்கிறது, முழு டாங்கி எரிவாயுவோடு. போட்டது போட்டபடி ஓடினாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது ஏழு நட்டிலும் ஆரஞ்சுப் பூச்சு இருந்தது. அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

லெஸ்டர் அன்று எங்கே லாரி ஓட்டுகிறான் என்று அவளுக்குத் தெரியும். போனில் சொல்லும் விஷயமாக அது படவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஏழு மைல் போனாள். அவன் ஒரு பன்றிப் பண்ணையில் குழாயை மாட்டி நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் வால்வை மூடி, குழாயைச் சுருட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பார்த்து முடிக்கும்வரை காருக்குள்ளேயே இருந்தாள். பிறகு இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். துளை, நட்டு, அன்று வந்த போன், மூன்று கையெழுத்து.

"போன் வந்ததாலன்னா..." என்றான் அவன் மெதுவாக. "அப்போ அது என்னாலயா?"

"போன் வந்தது யார் தப்பும் இல்ல. திரும்பி வந்து பாக்காதது என் தப்பு. அப்புறம் மூணு தடவை பாக்காமலே பாத்தேன்னு எழுதினதும் என் தப்பு."

"ஆகஸ்டுல நான் கூரையில ஓடு பேந்து கிடக்குன்னு பேசிக்கிட்டு இருந்தேனே. அப்பவும் அது இப்படித்தான் இருந்துதா?"

"இப்படித்தான்."

"அது கழண்டு விழுந்திருந்தா?"

"மூக்கு என் பேச்சைக் கேட்டிருக்காது."

அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "நான் அந்த விமானத்தை நம்பி ஏறல மார்வா. உன்னை நம்பி ஏறினேன்." லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடியை இறக்கி, "இன்னும் ரெண்டு வீடு பாக்கி" என்று மட்டும் சொன்னான். அதன்பின் மூன்று நாள் அவர்கள் வீட்டில் உப்பை எடு, கதவைச் சாத்து என்ற அளவுக்குத்தான் பேச்சு நடந்தது. அவள் சமாதானம் பேசப் போகவில்லை. பேசிச் சரிசெய்கிற விஷயமில்லை அது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எல்லோர் முன்னிலும் அதே கதையை அதே வரிசையில் சொன்னாள். சொல்லுமுன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். பன்றிகளுக்குத் தடுப்பூசி போடுகிற கால்நடை டாக்டர் டிராவிஸ் நெமெக் வீட்டில் பாதி விமானம் கட்டி வைத்திருக்கிறான்; அவன்தான் கேட்டான்: "பேசாம ஒரு பின்னைச் சொருகிட்டுப் போயிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?"

"போயிருக்கலாம். நீயும் உன் வால்ல அதே மாதிரி விட்டிருந்தா அதுவும் யாருக்கும் தெரியாது."

கோர்டி இடையில் புகுந்தார். "அட, விடும்மா. நாலாவது வருஷம் பறந்துக்கிட்டு இருக்கே. ஒண்ணும் ஆகல இல்ல? கட்டி முடிச்சப்போ சோதிக்க வந்த ஆபீசர் கண்ணுக்கே படல."

"ஆபீசர் அதுல ஏறிப் பறக்கல கோர்டி. என் புருஷன் பறந்தான். ஒண்ணும் ஆகலைங்கறது அதிர்ஷ்டம் பாத்த வேலை. நான் பாக்க வேண்டிய வேலையை யார் பாத்தா?"

கோர்டி கடிக்காத ரொட்டியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார். அது எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கிற சமாச்சாரம் அல்ல. அன்று மதியம் கிழவர் தன் கொட்டகைக் கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டு, விமானத்தின் மூடிகளையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்ததை இரண்டு பேர் பார்த்தார்கள். யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. அவர்களும் ஸ்பேனரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மார்வா இருக்கைகளைக் கழற்றினாள், தரைத் தகடுகளைக் கழற்றினாள், கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றினாள். வாலுக்குள் விழுந்த திருகாணியும் கிடைத்தது. கட்டுப்பாடு, பெட்ரோல், பிரேக், என்ஜின் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு இணைப்புகள் என்று பட்டியல் வந்தது. ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் பார்த்தாள். இப்போது பின் செருகி மடக்கிய பிறகுதான் ஆரஞ்சுப் பூச்சு. ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டியவளுக்குக் கண் தேவைப்படுவதில்லை, ஞாபகமே பார்த்துவிடுகிறது. வேறொரு கண் வேண்டும். தான் பார்க்கட்டுமா என்று கோர்டி தானே வந்து கேட்டார். "நீங்க பாக்கறதைவிடப் பேசறது ஜாஸ்தி" என்று அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, லெஸ்டர் கொட்டகை வாசலில் வந்து நின்றான். அவள் தலை நிமிரக் காத்திருந்தான்.

"எங்க கம்பெனியில, குழாயை மாட்டினவனே கசிவு பாக்கக் கூடாது. வேற ஆள்தான் பாக்கணும். சட்டம்."

"தெரியும்."

"பட்டியலைக் குடு."

அவன் விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாதவன். அதனாலேயே ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டான். இது எதுக்கு, இது இறுக்கமா இருக்கணுமா ஆடணுமா, இந்தக் கம்பி ஏன் இங்க மடங்கியிருக்கு. ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, அதன் எண்ணை உரக்கச் சொன்ன பிறகுதான் கோடு போட்டான். இப்படிப் போனால் ஒரு நாளைக்கு நாற்பதுதான் முடியும். அவள் அவசரப்படுத்தவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை, நூற்றைம்பத்தொன்றாவது இணைப்பில், "மார்வா, இந்தப் பெட்ரோல் குழாய் மேல ஒரு ஒயர் உரசுது" என்றான். அவள் விளக்கோடு போய்ப் பார்த்தாள். குழாயின் உறை நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அன்றுதான் ஒரு சிரிப்பு வந்தது. அவள் குழாயையே மாற்றினாள்.

எல்லாம் முடிந்த அன்று பதிவேட்டின் பழைய பக்கங்களைத் திருப்பினாள். மூன்று இடத்திலும் "பார்த்தேன்" என்ற சொல்லின்மேல், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்தாள். பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். புதிய பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம்விட்டாள். லெஸ்டர் பெரிய பெரிய எழுத்தாக எழுதினான்.

மே மாதக் கடைசியில், காற்றின் திசை சொல்லும் துணிப் பை கம்பத்தில் தொங்கிப்போய் அசையாமல் கிடந்த ஒரு காலை. செய்தி எப்படியோ பரவி ஏழெட்டுப் பேர் ஓடுதளத்து ஓரத்தில் வந்து நின்றிருந்தார்கள். லெஸ்டர், உட்கார நாற்காலி இருந்தும், நின்றுகொண்டிருந்தான். "நீ ஏறலையா?" என்று கோர்டி கேட்டதற்கு, "முதல் தடவை ஒருத்தர்தான். அவ சட்டம்" என்றான். மார்வா முனையில் நின்று என்ஜினைப் பரிசோதித்தாள். கட்டுப்பாட்டுக் கோலை நான்கு திசையும் முழுதாக அசைத்து, வால் மடல் சொன்னபடி ஏறி இறங்குகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிக்கொண்டாள். விமானம் புல்லை விட்டு எழுந்தது.

ஓடுதளத்தின் தலைக்கு மேலேயே, இறங்க இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி, வட்டமடித்து ஏறினாள். மூவாயிரம் அடியில் மூக்கை மெதுவாக ஏற்றினாள், இறக்கினாள், வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். கீழே லெஸ்டர் கழுத்து வலிக்க அண்ணாந்து, ஒரு கையால் கண்ணுக்கு மறைப்புக் கொடுத்தபடி, அரை மணி நேரம் நின்றான். டிராவிஸ் அவன் கையில் ரொட்டியை வைத்தான். அது கையிலேயே இருந்தது. பிறகு வெள்ளை விமானம் சோளக்காட்டின் மேலாகத் தாழ்ந்து, மூக்கைத் துல்லியமாக நிமிர்த்தி, சத்தமில்லாமல் புல்லைத் தொட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். கோர்டி தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மார்வா என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினாள். அவர்கள் பக்கம் திரும்பவில்லை. காதில் மாட்டியிருந்ததைக்கூடக் கழற்றாமல் நேரே வாலுக்குப் போய், ஈரப் புல்லில் மல்லாந்து படுத்து, மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

கைதட்டல் ஒவ்வொருவராக ஓய்ந்தது. லெஸ்டர் ரொட்டியை டிராவிஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடுதளத்தைக் குறுக்கே கடந்தான். அந்த ஆறடி இரண்டங்குல உடம்பை, சர்ச்சுக்குப் போடுகிற இஸ்திரிச் சட்டையோடு, அவளருகே புல்லில் கிடத்தினான். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவன் கையைத் தூக்கி, ஒரு விரலைத் திறப்புக்குள் விட்டு, நட்டின் மறுபக்கத்தைத் தடவி, மடக்கிய கம்பியின் இரண்டு காலும் இருக்கின்றனவா என்று எண்ணினான்.